எக்கோ இல்லாத குரல்

ஜானி கேஷ் 1994-இல் வெளியிட்ட ‘அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்’ ஆல்பத்தில் 13 பாட்டுகள். ஒரு ஆள், ஒரு கிட்டார், அவ்வளவுதான். டிரம்ஸ், பேஸ் கிட்டார், கோரஸ் எதுவும் கிடையாது. நீட்டி முழக்குகிற முன்னிசையும் கிடையாது. பாட்டைப் போட்ட உடனே அறுபது தாண்டிய ஒரு மனிதர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பிக்கிறார். அவர் முதன்முதலில் சொல்கிற விஷயம், தான் ஒரு பெண்ணைச் சுட்டுக் கொன்றது பற்றி.

மதுரையில் ஒரு சின்ன ரெக்கார்டிங் தியேட்டரில் நெடுங்காலம் சவுண்ட் இன்ஜினியராக வேலை பார்த்தவன் நான். தெம்மாங்கு, பக்திப் பாட்டு, கட்சிப் பாட்டு என்று எல்லாம் வரும். பாட வருகிறவர்கள் முதல் டேக் முடிந்து ஹெட்போனைக் கழற்றியதும் சொல்வது அநேகமாக ஒன்றாகத்தான் இருக்கும்: “அண்ணே, எக்கோ கொஞ்சம் ஏத்தி விடுங்கண்ணே.” அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எக்கோ ஏற ஏறக் குரலின் பிசிறு அமுங்கும். சுருதி ஒரு இழை விலகியிருந்தாலும் தெரியாது. பத்துக்குப் பத்து அறையில் பாடியது கோயில் மண்டபத்தில் பாடியதுபோல விரியும். அந்த வேலையே செய்து பழகிய காதோடு கேட்டால், கேஷ் இந்த ஆல்பத்தில் எவ்வளவு பெரிய துணிச்சலைக் காட்டியிருக்கிறார் என்பது புரியும். உலகமே அறிந்த ஒரு பாடகர், ஒளிந்துகொள்ள இருந்த எல்லா மறைவையும் விட்டு வெளியே வந்து, குரல் தளரத் தொடங்கிய வயதில், தன்னந்தனியாகப் பாடியிருக்கிறார்.

அவர் யார் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1932-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பிறந்தவர். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் நொடித்துப்போன விவசாயிகளுக்காக அரசாங்கம் டையெஸ் என்ற இடத்தில் ஒரு குடியிருப்பை உருவாக்கியது. அங்கே கிடைத்த 20 ஏக்கர் பருத்திக் காட்டில்தான் கேஷ் வளர்ந்தார். பருத்தி எடுத்துக்கொண்டே வீட்டாரோடு பாடிய தேவாலயப் பாட்டுகளும், ரேடியோவில் கேட்ட பாட்டுகளும் அவருக்கு முதல் பாடம். அவருக்கு 12 வயதாக இருக்கும்போது அண்ணன் ஜாக், மரம் அறுக்கும் ரம்பத்தில் சிக்கி இறந்துபோனான். அந்தச் சாவின் நிழல் கடைசி வரைக்கும் கேஷை விடவில்லை. பிறகு விமானப்படையில் சேர்ந்து ஜெர்மனி போனார். கிட்டார் வாங்கிப் பழகியது அங்கேதான். 1955-இல் மெம்ஃபிஸ் நகரத்து சன் ரெக்கார்ட்ஸ் அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது. 1958-இல் கொலம்பியா கம்பெனிக்கு மாறினார். 1968 ஜனவரியில் ஃபால்சம் சிறைச்சாலைக்குள்ளே கைதிகளுக்கு முன்னால் பாடிப் பதிவு செய்த ஆல்பம் அவரை எட்டாத உயரத்தில் வைத்தது. தொலைக்காட்சியில் சொந்த நிகழ்ச்சி, எப்போதும் கறுப்பு உடை, ஒரு பக்கம் போதை மாத்திரை, இன்னொரு பக்கம் பைபிள் என்று போன வாழ்க்கை அது.

எண்பதுகளில் இறங்குமுகம். 1986-இல் கொலம்பியா அவரைக் கைவிட்டது. அடுத்துச் சேர்ந்த மெர்க்குரி கம்பெனியில் போட்ட ஆல்பங்கள் பெரிதாக எடுபடவில்லை. கன்ட்ரி இசை ரேடியோக்கள் புதிய இளைஞர்களைத் தேடிப் போய்விட்டன. 1988-இல் இதய பைபாஸ் ஆபரேஷன். அப்புறம் பல் வைத்தியத்தில் தொடங்கித் தாடை உடைந்துபோய், பல தடவை ஆபரேஷன் செய்தும் தீராத வலி. பழைய நட்சத்திரங்கள் சுற்றுலாப் பயணிகளுக்குப் பாடிப் பிழைக்கிற பிரான்சன் என்ற ஊரில் அவரும் பாடிக்கொண்டிருந்தார். நிரம்பாத அரங்குகளில்.

1993 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அவரைப் பார்க்க ஒருவர் வந்தார். நெஞ்சு வரைக்கும் தாடி, இன்னும் முப்பது நிறையாத வயது. பெயர் ரிக் ரூபின். நியூயார்க்கில் கல்லூரி விடுதி அறையிலிருந்தே டெஃப் ஜாம் என்ற ரெக்கார்டு கம்பெனியைத் தொடங்கி, ராப் பாடகர்களையும் ஹெவி மெட்டல் குழுக்களையும் வைத்து ஆல்பம் போட்டுப் பெயர் வாங்கியவர். இந்த ஆள் தன்னை வைத்து என்ன செய்யப் போகிறார் என்று கேஷுக்குச் சந்தேகம் வந்ததில் வியப்பில்லை. ரூபின் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: என் வீட்டு ஹாலில் கிட்டாரோடு உட்காருங்கள், உங்களுக்குப் பிடித்த பாட்டுகளையெல்லாம் பாடுங்கள், கேட்போம்.

கேஷ் பல வருஷமாக மனதில் வைத்திருந்த ஆசையும் அதுதான். துணைக்கு யாரும் இல்லாமல், ராத்திரி நேரத்தில் தனியாக உட்கார்ந்து பாடுவதுபோல ஓர் ஆல்பம். அதற்குத் தலைப்புக்கூட யோசித்து வைத்திருந்தார். கம்பெனிகள் அதை எடுத்துச் செய்யவில்லை. எழுபதுகளில் தன் சொந்த ஸ்டூடியோவில் கிட்டாரோடு தனியாகப் பாடி, தன் சொந்தக் கோப்பு என்று டேப் பெட்டிமேல் எழுதி வைத்துவிட்டார். அவர் இறந்த பிறகு, 2006-இல்தான் அந்தப் பாட்டுகள் ஆல்பமாக வெளிவந்தன. ஆகவே இந்த எளிமை, ஓர் இளைஞர் வந்து கிழவருக்குப் போட்டுவிட்ட புது வேஷம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேஷிடம் அது முதலிலிருந்தே இருந்தது. அதைக் கேட்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

1993 மே முதல் டிசம்பர் வரை பதிவு நடந்தது. பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலிஸில் ரூபினுடைய வீட்டு ஹாலிலும், டென்னசியில் கேஷுடைய மரக் குடிலிலும். தேவாலயப் பாட்டு, மாட்டுக்காரர் பாட்டு, தான் எழுதியது, நண்பர்கள் எழுதியது என்று பாடிக்கொண்டே போனார். நடுவில் வேறு வாத்தியக்காரர்களையும் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். முன்னால் தனியாகப் பாடி வைத்த சாம்பிள் பதிவுகளே மேல் என்று ரூபினுக்குப் பட்டது. அந்த முடிவு எவ்வளவு கஷ்டம் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பதிவு முடிந்து கேட்கும்போது எங்காவது ஒரு காலி இடம் தெரிந்தால் கை சும்மா இருக்காது. அங்கே ஒரு புல்லாங்குழல் பிட், இங்கே கொஞ்சம் வயலின் என்று நிரப்பிவிடத் தோன்றும். காசு கொடுக்கிறவரும் அதைத்தான் எதிர்பார்ப்பார். ரூபின் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தயாரிப்பாளர் என்று அவர் பெயர் போட்டிருப்பது அந்தப் பொறுமைக்காகவே தகும்.

இந்த ஆல்பத்தின் நெருக்கம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், முதலில் மைக்குக்கும் வாய்க்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் சொல்வேன். பாடகர்களுக்கு வைக்கிற மைக்குகளில் பெரும்பாலானவை முன்னாலிருந்து வரும் சத்தத்தை அதிகமாகவும் பின்னாலிருந்து வருவதைக் குறைவாகவும் வாங்கும். அந்த வகை மைக்கை நெருங்க நெருங்கக் குரலின் அடிப்பகுதி, அதாவது கனம், கூடிக்கொண்டே வரும். நாலு விரற்கடை தூரத்தில் பாடினால் நெஞ்சுக்கூட்டு அதிர்வு வரை உள்ளே வந்துவிடும். கூடவே உதடு பிரிகிற சத்தம், வரிக்கு வரி இழுக்கிற மூச்சு, சொல் முடிகிற இடத்தில் தொண்டையில் எழுகிற கரகரப்பு எல்லாம் வரும். கேஷுடையதோ ஆண் குரலிலேயே அடிமட்டத்தில் இருக்கிற கட்டைக் குரல். அதன் மேல் எக்கோவும் போடாமல் விட்டால், பாடுகிறவர் எப்பேர்ப்பட்ட இடத்தில் இருக்கிறார் என்று ஊகிக்கக் காதுக்கு ஒரு துப்பும் கிடைக்காது. நாம் இருக்கிற அறையிலேயே அவரும் இருக்கிறார் என்று காது முடிவு கட்டிவிடும்.

அடுத்தது அவருடைய கட்டைவிரல். இந்த ஆல்பத்தில் பிக் வைத்துக்கொள்ளவே இல்லை, கிட்டாரில் கேட்கிற ஒவ்வொரு ஸ்வரமும் தன் கட்டைவிரலிலிருந்து வந்தது என்று கேஷ் சுயசரிதையில் சொல்கிறார். பிக் என்பது கம்பியை மீட்டுகிற சின்னத் தகடு. அதால் மீட்டினால் ஓசை ‘சளக்’கென்று வெட்டிக்கொண்டு வரும், பத்து வாத்தியத்துக்கு நடுவிலும் எடுபடும். விரல் சதை பட்டால் ஓசை முனை மழுங்கி, உருண்டையாக, மரப்பெட்டியின் வயிற்றிலிருந்து கிளம்பும். கேஷ் பெரிய கிட்டார் வித்வான் இல்லை. நாலைந்து கார்டுக்குள் காரியத்தை முடித்துவிடுகிறவர். ஆனால் உற்றுக் கேட்டால் ஒன்று தெரியும். ஒரு சொல்லைச் சற்று நிறுத்திச் சொல்ல நினைத்தால் கட்டைவிரலும் அங்கே தயங்கி நிற்கிறது. அவசரப்பட்டுச் சொல்ல வேண்டிய இடத்தில் அதுவும் முந்திக்கொள்கிறது. டிரம்ஸ்காரர் ஒருவர் இருந்தால் இது நடக்காது. அவர் போடுகிற தாளத்துக்குள் பாடகர் தன் மூச்சைச் சுருட்டி வைத்தாக வேண்டும். இங்கே மூச்சு வைத்ததுதான் தாளம்.

முதல் பாட்டு ‘டீலியாஸ் கான்’. நம்முடைய கொலைச்சிந்து போல, ஆங்கில நாட்டுப்புறப் பாடலில் கொலையைக் கதையாகச் சொல்லும் மரபு ஒன்று உண்டு. அதைச் சேர்ந்தது இது. பாட்டுக்குப் பின்னால் உண்மைச் சம்பவம் இருக்கிறது. 1900-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, ஜார்ஜியா மாநிலத்து சவானா நகரில், டீலியா கிரீன் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுமி சுடப்பட்டாள். மறுநாள் கிறிஸ்துமஸ் அன்று இறந்தாள். சுட்டவனும் ஏறக்குறைய அவள் வயதுப் பையன், மோசஸ் ஹூஸ்டன். ஆயுள் தண்டனை கிடைத்து, 1913-இல் பரோலில் வெளியே வந்தான். அந்தச் சாவு பாட்டாகி, வாய்க்கு வாய் மாறி, கடல் தாண்டி பஹாமாஸ் தீவுகள் வரைக்கும் போயிற்று. கேஷே 1962-இல் வாத்தியக்காரர்களோடு ஒரு தடவை அதைப் பாடி வெளியிட்டிருக்கிறார். 1993-இல் வரிகளை மாற்றி, இன்னும் கொடூரமாக்கி, மறுபடி பாடினார். இதில் ஊர் மெம்ஃபிஸ். அவளை நாற்காலியில் கட்டிப்போட்டுச் சுடுகிறான்.

இந்தப் பாட்டை நான் மன நிம்மதியோடு கேட்டதே இல்லை. செத்தவள் ஒரு குழந்தை என்பது பாட்டில் எங்கேயும் இல்லை. கெட்ட பெண்ணுக்குக் கிடைத்த தண்டனைபோல அது ஒலிக்கிறது. அன்டன் கார்பைன் எடுத்த வீடியோவில் டீலியாவாக வருபவர் கேட் மாஸ் என்ற பிரபல வெள்ளைக்கார மாடல். சவானாவில் செத்த சிறுமி அதில் முழுக்கவே காணாமல் போய்விட்டாள். அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. இருந்தாலும் இந்தப் பதிவு செய்கிற ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். டிரம்ஸோடு துள்ளிப் போகிற கொலைப் பாட்டுக்கு நாம் காலைத் தட்டிக்கொண்டே இருந்துவிடுவோம். இங்கே கொலைகாரன் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், நடந்ததைச் சொல்கிறான். பாட்டு முடியப்போகிற இடத்தில் சிறையில் படுத்திருக்கிறவனுக்கு அவளுடைய காலடிச் சத்தம் கட்டிலைச் சுற்றிக் கேட்கிறது. அந்த இடத்தில் தாளம் போட யாருக்கும் மனம் வராது.

மற்றவர்கள் எழுதிய பாட்டுகளில் எனக்கு மேலாகத் தோன்றுவது நிக் லோ எழுதிய ‘தி பீஸ்ட் இன் மீ’. ஒரு மனிதன் தனக்குள் அடைத்து வைத்திருக்கிற மிருகத்தைப் பற்றிய பாட்டு. நிக் லோ ஆங்கிலேயர். கேஷின் மனைவி ஜூன் கார்ட்டருக்கு முன் மணத்தில் பிறந்த கார்லீனை மணந்திருந்தவர். அந்த உறவில் கேஷ் அவருக்கு மாமனார் முறை. மாமனாருக்காகவே தொடங்கிய பாட்டைப் பாதியில் விட்டுவிட்டார். கல்யாணமும் முறிந்தது. ஆனால் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பாட்டு என்ன ஆயிற்று என்று கேஷ் விசாரித்துக்கொண்டே இருந்தாராம். பத்து வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் லோ முடித்துக் கொடுத்தார். கேஷ் அதைப் பாடுகிற விதம் அபாரம். மிருகம் என்றதும் உறுமிக் காட்டுவதற்கு வாகான குரல் அவருடையது. அவரோ தூங்குகிற எதையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல அடக்கி வாசிக்கிறார். மாத்திரைகளோடு எத்தனையோ காலம் போராடிய மனிதர் என்று தெரிந்து கேட்டால், எழுதியவர் வேறொருவர் என்பதே மறந்துபோகும்.

டாம் வெயிட்ஸ் எழுதிய பாட்டில் லிங்கனைக் கொன்றவனும் யூதாஸும்கூட மீட்சி ரயிலில் ஏறுகிறார்கள். லெனர்ட் கோஹனின் ‘பேர்ட் ஆன் எ வயர்’ இருக்கிறது. மெட்டல் பாடகர் கிளென் டான்சிக் கேஷுக்கென்றே எழுதிய ‘தர்ட்டீன்’ இருக்கிறது. கிறிஸ்டோஃபர்சனின் பிரார்த்தனைப் பாட்டு இருக்கிறது. ஒன்றுக்கொன்று ஒட்டாத ஆட்கள். ஒரே குரல், ஒரே கட்டைவிரல் என்று ஆனதும் எல்லாம் ஒரே மனிதரின் பாவமன்னிப்பு போலச் சேர்ந்துவிடுகிறது. கேஷ் தாமே எழுதியவற்றில் ‘டிரைவ் ஆன்’ முக்கியமானது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய் ஒருவன் பேசுகிறான். 1969-இல் கேஷ் அந்த நாட்டுக்கே போய்ப் படைவீரர்களுக்குப் பாடியவர். அங்கே அடிபட்டு வந்தவர்களைக் கண்ணால் பார்த்தவர். போரைப் பற்றி அவர் இதில் பிரசங்கம் செய்யவில்லை. நொண்டுகிற காலையும், வீட்டுக்காரர்களோடு ஒட்டாமல் போன மனதையும் மட்டும் சொல்கிறார்.

இரண்டு பாட்டுகள் மட்டும் வீட்டில் பதிவானவை அல்ல. 1993 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸின் வைப்பர் ரூம் என்ற சின்ன கிளப்பில் கேஷ் தனியாக மேடையேறினார். நடிகர் ஜானி டெப்புக்கும் பங்கு இருந்த இடம் அது. ஆயிரக்கணக்கானோருக்கு முன்னால் பாடிய மனிதருக்கு, பின்னால் குழு இல்லாமல் அந்தச் சின்னக் கூட்டத்துக்கு முன் உட்காரப் பயமாக இருந்ததாம். நம்பக்கூடியதுதான். அங்கே பாடிய ‘டென்னசி ஸ்டட்’, ‘தி மேன் ஹூ குடின்ட் க்ரை’ இரண்டையும் ஆல்பத்தில் சேர்த்தார்கள். கூட்டம் சிரிக்கிறது, கத்துகிறது, கைதட்டுகிறது. என்னைக் கேட்டால் இரண்டையும் விட்டிருப்பேன். கேஷ் அவற்றைப் பாடிய விதத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கைதட்டல் கேட்டதும், அதுவரை என் எதிரே இருந்தவர் எழுந்து மேடைக்குப் போய்விடுகிறார்.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. ஐம்பதுகளில் வந்த ‘ஐ வாக் தி லைன்’ பாட்டையும் இந்த ஆல்பத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். அதில் குரல் கருங்கல் மாதிரி வழுவழுப்பாக நிற்கும். இதில் ஓரங்கள் உதிர்ந்திருக்கின்றன. நீண்டு நிற்க வேண்டிய ஸ்வரம் நடுங்குகிறது. வரியின் கடைசியில் காற்று தீர்ந்து சொல் பேச்சாகிவிடுகிறது. ஸ்டூடியோவில் இதையெல்லாம் குறை என்று குறித்துவைத்து மறு டேக் கேட்பது வழக்கம். இருபத்தைந்து வயதுக்காரர் மன்னிப்புக் கேட்டுப் பாடினால் நன்றாகப் பாடினார் என்போம். அறுபத்தொன்றில் இந்த நடுக்கத்தோடு கேட்கும்போது, அவர் எதற்காக மன்னிப்புக் கேட்கிறார் என்ற நினைப்பு வருகிறது.

1994 ஏப்ரலில் ஆல்பம் வந்தது. அட்டையில் நீளக் கறுப்புக் கோட்டு போட்ட கேஷ், இரண்டு பக்கமும் இரண்டு நாய்கள். ஒன்று கறுப்பில் வெள்ளைக் கோடு, மற்றது வெள்ளையில் கறுப்புக் கோடு. பாவம், மீட்பு என்று அவற்றுக்குப் பெயரும் வைத்துச் சொன்னார். கன்ட்ரி ரேடியோக்கள் அதிகம் ஒலிபரப்பவில்லை. அவர் பெயரை அப்பாவின் இசைத்தட்டில் மட்டும் பார்த்திருந்த பிள்ளைகள் வாங்கிக் கேட்டார்கள். அந்த ஜூன் மாதம் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் பெருங்கூட்டத்துக்குப் பாடினார். 1995-இல் கிராமி விருது கிடைத்தது, சமகால நாட்டுப்புற ஆல்பம் என்ற பிரிவில். ரூபினோடு இன்னும் பல ஆல்பங்கள் வந்தன. ‘ஹர்ட்’ பாட்டு வழியாக அவரை அறிந்தவர்கள் இன்று அதிகம். அது 2002-இல் வந்தது. 2003 செப்டம்பரில் கேஷ் காலமானார்.

தன் ஆல்பங்களிலேயே தனக்கு மிகவும் பிடித்தது ‘மை மதர்ஸ் ஹிம் புக்’ என்று அவர் சொல்லியிருக்கிறார். அம்மா வைத்திருந்த பாட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்த பக்திப் பாடல்களை, அதே போலத் தனியாகக் கிட்டாரோடு பாடியது. 2004-இல் தனி ஆல்பமாக வெளிவந்தது. பருத்திக் காட்டில் பிள்ளைப் பருவத்தில் பாடியவை ஆகையால் அவருக்கு அது பிடித்ததில் ஆச்சரியமில்லை. எனக்கு 1994 ஆல்பம்தான் ஒரு படி மேல். அம்மாவின் பாட்டுகளில் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டார். எல்லாம் தெரிந்த பாதை. முந்தையதில் அடுத்தவர் எழுதிய சொற்களுக்குள் தன்னைத் தேடிக்கொண்டு, சில இடங்களில் தடுமாறி, சில இடங்களில் தானே மிரண்டு பாடுகிறார். இரண்டும் இணையத்தில் சுலபமாகக் கிடைக்கின்றன. கேட்பவர்கள் போன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். கட்டைவிரல் எழுப்புகிற கீழ்க்கம்பி ஓசை அதில் வராது. சாதாரண இயர்போன் போதும். சத்தத்தைப் பாதிக்குமேல் வைக்காமல் ‘தி பீஸ்ட் இன் மீ’யிலிருந்து தொடங்குங்கள், டீலியாவை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.